மிஸ்டு கால் கொடுத்தது யார்?

புதிதாகச் சேர்ந்திருக்கும் உங்கள் இருவருக்கும்,

இந்த மாதிரி எழுதுவது வழக்கமாக ஓய்வு பெற்றவர்களின் வேலை. எனக்கு இன்னும் ஒரு முடிகூட நரைக்கவில்லை. மேற்படிப்புக்காக இந்த மனநல மையத்தை விட்டுப் போகிறேன், அவ்வளவுதான். ஆனால் டிராயரில் இருக்கும் அந்தச் சின்ன செல்போன் அடுத்த வாரத்திலிருந்து உங்கள் கையில் இருக்கும். அதற்கு எப்படி ரீசார்ஜ் செய்வது என்று கீழே இருக்கும் கடைக்காரரே சொல்லிக் கொடுப்பார். அது அடித்தால் என்ன செய்வது, அடிக்காவிட்டால் என்ன செய்வது என்பதை நான்தான் சொல்ல வேண்டும்.

மன அழுத்தத்தோடு வருபவர்கள் வாரத்தில் ஒருநாள் நம் எதிரில் உட்காருகிறார்கள். மற்ற நாட்களில் அவர்கள் வீட்டில் அவர்கள் மட்டும். "நாளைக்குக் குளிச்சிட்டு வாசல் வரைக்கும் வர்றேன்" என்று இங்கே ஒப்புக்கொள்வார்கள். வீட்டுக்குப் போய்ப் படுத்ததும் அந்த ஒப்பந்தம் கரைந்துவிடும். அதற்காகத்தான் நம் டாக்டர் மெசேஜ் முறையைக் கொண்டுவந்தார். மாலையானால் இங்கிருந்து ஒரு வரி போகும். இன்று மனசு எப்படி, பத்துக்கு எத்தனை என்று கேட்போம். அவர்கள் ஓர் எண்ணை மட்டும் அனுப்பினால் போதும். லாஸ்பேட்டையில் கல்லூரியில் படிக்கும் பிள்ளைகளுக்கு இது நன்றாகவே பொருந்தியது. ஒருவன் நாள் தவறாமல் 'இரண்டு' என்று அனுப்பிக்கொண்டிருந்தான். ஒருநாள் 'இரண்டரை' என்று வந்தது. அந்த அரைக்காக மையத்தில் எல்லோருக்கும் டீ வாங்கிக் கொடுத்தேன்.

ஆனால் நம்மிடம் வருபவர்களில் பாதிப்பேருக்கு மெசேஜ் படிக்க வராது. அவர்கள் வைத்திருக்கும் போனில் தமிழ் எழுத்தும் கிடையாது. தமிழை ஆங்கில எழுத்தில் அடித்து அனுப்பினால் படித்தவர்களே இரண்டு தடவை வாய்விட்டுப் படித்தால்தான் புரியும். இவர்களை என்ன செய்வது என்று டாக்டர் ஒரு கூட்டத்தில் கேட்டார். என்னோடு வேலை பார்த்தவர்கள் புத்தகங்களில் தேடினார்கள். நான் என் வீட்டில் தேடினேன்.

என் அப்பா பஞ்சாலையில் தினக்கூலியாக இருந்தவர். அம்மா கட்டட வேலைக்குப் போனவர். எங்கள் வீட்டில் பள்ளிக்கூடத்துக்குள் கால் வைத்த முதல் ஆள் நான். அம்மாவுக்கு ஓர் எழுத்தும் தெரியாது. ஆனால் பச்சைப் பொத்தானை இரண்டு தடவை அழுத்தினால் எனக்கு மணி அடிக்கும் என்று தெரியும். ஒரு மணி அடித்து நின்றால், வேலை முடிந்து கிளம்பிவிட்டேன் என்று அர்த்தம். இரண்டு தடவை வந்தால், முனைக்கு வா, கையில் சாமான் இருக்கிறது என்று அர்த்தம். செலவே இல்லாமல் ஒரு குடும்பமே இப்படித்தான் பேசிக்கொண்டிருந்தது.

அதையே இங்கே கொண்டுவந்தேன். சொன்ன வேலையைச் செய்துவிட்டால் ஆறு மணிக்கு ஒரு மிஸ்டு கால் கொடுங்கள். செய்ய முடியாவிட்டால் சும்மா இருங்கள். டாக்டர் மேசையைத் தட்டி, "இது எந்தப் புக்குலம்மா இருக்கு?" என்று கேட்டார். "எங்கம்மா கிட்ட இருக்கு சார்" என்றேன். இந்த யோசனை என்னுடையது. இதைச் சொல்ல நான் ஒருநாளும் கூச்சப்பட்டதில்லை. படித்தவள் என்பதாலும், படிக்காத வீட்டில் பிறந்தவள் என்பதாலும் சேர்ந்து வந்த யோசனை அது.

முறை நன்றாகவே ஓடியது. மல்லிகா வரும்வரை.

மல்லிகா என்பது நான் வைக்கும் பெயர். பிறந்தது கனகசெட்டிக்குளத்தில், மீன்பிடிக் குடும்பம். ஒரு மினிவேன் டிரைவரைக் கட்டிக்கொண்டு லாஸ்பேட்டையில் வாடகை வீட்டுக்கு வந்தவர். இரண்டாவது குழந்தை பிறந்து சில மாதங்களில் படுத்தவர் எழுந்திருக்கவில்லை. குழந்தையை நாத்தனார் வளர்த்தார். எங்களிடம் வந்தபோது எதைக் கேட்டாலும் "பரவால்ல மேடம்" என்பார். சாப்பிட்டீர்களா? பரவால்ல மேடம். தூங்கினீர்களா? பரவால்ல மேடம். என்னைவிட மூத்தவர் என்பதால் நான் அக்கா என்றுதான் கூப்பிடுவேன்.

டாக்டர் மாத்திரை கொடுத்தார். நான் வாரம் ஒருமுறை பேசினேன். முதல் வேலை ரொம்பச் சின்னது. சாயங்காலம் தலைசீவிக்கொண்டு தெரு முனை வரை நடந்துவிட்டு வர வேண்டும். வந்ததும் மிஸ்டு கால்.

முதல் நாளே வந்தது. மறுநாளும் வந்தது. அப்புறம் ஒருநாள்கூடத் தவறவில்லை. ஆறு மணி ஆனால் போனில் 'மல்லிகா' என்று பெயர் மின்னும், ஒரு மணி அடித்து நிற்கும். மற்றவர்கள் இரண்டு நாள் வருவார்கள், மூன்று நாள் காணாமல் போவார்கள். இவர் மட்டும் கோயில் மணி மாதிரி. கூட்டத்தில் மற்றவர்களிடம் இவரைத்தான் உதாரணமாகச் சொன்னேன். இவர் முன்னாலேயே ஒருநாள் கை தட்டினேன்.

ஆனால் எதிரில் உட்காரும்போது அவர் இளைத்துக்கொண்டே போனார். முகம் ஒன்று சொன்னது, போன் ஒன்று சொன்னது. நாங்கள் போனை நம்பினோம். மாத்திரையைக் குறைத்துவிடலாம், இனி மூன்று மாதத்துக்கு ஒருமுறை வந்தால் போதும் என்று டாக்டர் முடிவு செய்தார். அதைச் சொல்லி அனுப்பும் பொறுப்பு என்னுடையது.

அவர் எப்போதும் நாலு மணிக்கு வருபவர். அன்று கூட்டம் அதிகம். உள்ளே கூப்பிடவே ஐந்தரை தாண்டிவிட்டது. நாத்தனார் அவரை விட்டுவிட்டுக் காய்கறி வாங்கப் போயிருந்தார். நான் நல்ல செய்தி சொல்லப்போகும் குரலில் ஆரம்பித்தேன். "அக்கா, இனிமே நீங்க அடிக்கடி வர வேணாம்..."

மேசையிலிருந்த போன் ஒரு மணி அடித்து நின்றது. திரையில் 'மல்லிகா' என்று வந்தது.

நான் போனைப் பார்த்தேன். எதிரில் இருந்தவரைப் பார்த்தேன். அவர் இரண்டு கையும் மடியில் இருந்தன. கையில் ஒரு கைக்குட்டை மட்டும்.

"அவுருதான்" என்றார், வேறு எதையோ பற்றிச் சொல்வது மாதிரி. "வண்டில இருந்து போடுவாரு."

"தினமுமா?"

"போனு அவுரு கிட்டதான மேடம் இருக்குது. லோடுக்குக் கூப்புடுவாங்க இல்ல."

நம்பரை எழுதி வாங்கும்போது நான் கேட்காத கேள்வி இதுதான். ஆறு மணிக்கு அந்த போன் யார் சட்டைப்பையில் இருக்கும்? ஒரு வீட்டுக்கு ஒரு போன் என்பது எனக்குத் தெரியாத விஷயமா? என் வீட்டில் அம்மாவிடம் ஒன்று, என்னிடம் ஒன்று இருந்தது. எல்லா வீட்டிலும் போன் படுத்திருப்பவர் பக்கத்திலேயே இருக்கும் என்று நினைத்துவிட்டேன். உங்களுக்கு முதலில் சொல்வது இதைத்தான். நம்பரை அப்புறம் கேளுங்கள். போன் எங்கே இருக்கிறது என்று முதலில் கேளுங்கள்.

"நீங்க முனை வரைக்கும் நடந்தீங்களாக்கா?"

"இல்ல."

"ஒருநாள்கூடவா?"

"முடியல மேடம்." கைக்குட்டையை மடித்துக்கொண்டே, "அவுரு போட்டுனு இருந்தாரு. எல்லாருக்கும் சந்தோசமா இருந்துச்சு. உங்களுக்குந்தான். அன்னிக்குக் கை தட்டுனீங்களே, நான் இன்னா சொல்றது?"

வெளியே நோயாளிகள் காத்திருந்தார்கள். ஒரு பெரியவர் இருமி இருமிக் கதவைத் தட்டினார். எனக்குக் கோபம், வெட்கம், பயம் மூன்றும் ஒன்றாக வந்தன. இந்த மாதிரி நேரத்தில் முதலில் வரும் ஆசை, நம் தப்பை நாமே சரிசெய்துகொள்ளப் பேச ஆரம்பிப்பது. அதைச் செய்யாதீர்கள். அந்த நிமிடம் நம்முடையது இல்லை, எதிரில் இருப்பவருடையது. நான் கதவைத் தாழிட்டேன். நாற்காலியை மேசையைச் சுற்றி அவர் பக்கம் இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன். கேட்க வேண்டியதைச் சுற்றி வளைக்காமல் கேட்டேன்.

"அக்கா, செத்துடலாம்னு தோணுதா?"

அவர் என்னை முதல்முறையாக நேராகப் பார்த்தார். "பரவால்ல" என்று சொல்லவில்லை.

"தோணும் மேடம். மின்னாடி தோணுனா பயமா இருக்கும். இப்ப பயமா இல்ல."

இந்தக் கேள்வியைக் கேட்டால் இல்லாத எண்ணத்தை நாமே விதைத்துவிடுவோமோ என்று உங்களில் ஒருவர் நேற்று கேட்டீர்கள். விதைக்க மாட்டோம். அது ஏற்கெனவே அங்கே இருந்தது. அவர் அதைத் தனியாக வைத்துக்கொண்டிருந்தார். சொன்ன பிறகு அவருக்கு அழுகை வந்தது. எத்தனையோ வாரத்துக்குப் பிறகு வந்த அழுகை என்று பின்னால் சொன்னார்.

"இதை டாக்டர் கிட்டயும் உங்க வீட்டுக்காரர் கிட்டயும் சொல்லணும். நான் சொல்லட்டுமா, நீங்க சொல்றீங்களா?"

"நீங்க சொல்லுங்க. ஆனா அவுர திட்டாதீங்க. பாவம், அது ஒரு அப்பாவி."

போனை எடுத்து அந்த நம்பருக்கு நானே அடித்தேன். அவர் கணவர் செல்வம் பதறிப்போய் எடுத்தார். உடனே வரச் சொன்னேன். கொஞ்ச நேரத்தில் வாசலில் மினிவேன் வந்து நின்றது. பின்னால் சிவப்பு பிளாஸ்டிக் நாற்காலிகள் வானத்தைத் தொடும் அளவுக்கு அடுக்கியிருந்தன.

"கல்யாண மண்டபத்துல சேர் எறக்கணும் மேடம். பொண்ணு வூட்டுக்காரங்க நின்னுனு இருக்காங்க. மல்லி எங்க? இன்னா ஆச்சு?"

"உள்ளதான் இருக்காங்க. உக்காருங்க. மிஸ்டு கால் நீங்கதான் போட்டீங்களா?"

மனிதர் சட்டென்று எழுந்து நின்றுவிட்டார். "போடலைனா நீங்க அவளப் பெரிய ஆஸ்பத்திரில சேத்துடுவீங்கன்னு எங்க தெருவுல சொன்னாங்க மேடம். அங்க போனா வெளிய வுட மாட்டாங்களாமே. நல்லா ஆவறான்னு நீங்க நெனச்சா நல்லபடியா பாத்துப்பீங்கன்னு..." அப்புறம் அவருக்கே அது சரியாகப் படவில்லை. "தப்பா மேடம்?"

நான் பதில் சொல்வதற்குள் உள்ளேயிருந்து மல்லிகாவின் குரல் வந்தது. "யோவ், மொதல்ல அந்தக் கல்யாணத்துக்குப் போன் போட்டு லேட்டாவும்னு சொல்லு. பாவம், ஜனங்க நின்னுனு சாப்புடப்போவுது."

அவ்வளவு நீளமான வாக்கியத்தை அவர் பேசி நான் கேட்டதில்லை.

டாக்டர் விஷயத்தைக் கேட்டதும் பேனாவைக் கீழே வைத்தார். அவரைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். முடிவை மாற்றிக்கொள்ள அவர் தயங்குவதே இல்லை. மாத்திரையைக் குறைக்கும் பேச்சை அங்கேயே விட்டார். "இன்னிக்கே அட்மிட் பண்ணிடலாம்மா. ரிஸ்க் எடுக்க வேணாம்" என்றார்.

அவர் சொன்னதில் தவறில்லை. ஆனால் எனக்கு வேறு மாதிரி பட்டது. "சார், ஆஸ்பத்திரின்ற பயத்துலதான் பொய் சொன்னாங்க. உண்மையைச் சொன்ன அன்னிக்கே கொண்டுபோய்ச் சேர்த்தா, இனிமே ரெண்டு பேரும் வாயைத் திறக்க மாட்டாங்க."

"ராத்திரி ஏதாவது ஆச்சுன்னா உன் பொறுப்பா?"

"என் பொறுப்பு மட்டும் இல்ல சார். நம்ம எல்லார் பொறுப்பும். அவங்க கிட்டயே கேட்டுடுவோம்."

கேட்டோம். மல்லிகாவை நடுவில் உட்கார வைத்து, அவரைப் பற்றி அவர் முன்னாலேயே பேசினோம். டாக்டர் நிபந்தனைகளைச் சொன்னார். அவரைத் தனியாக விடக்கூடாது. மாத்திரை நாத்தனாரிடம் இருக்க வேண்டும். காலையில் முதல் ஆளாக இங்கே வர வேண்டும். அந்த எண்ணம் மறுபடி நெருக்கினால் யாரிடமும் கேட்காமல் நேராக ஆஸ்பத்திரி. "சரியாம்மா? செய்வியா? முடியாதுன்னா முடியாதுன்னு சொல்லு, கோச்சுக்க மாட்டேன்" என்றார் டாக்டர். மல்லிகா யோசித்தார். உண்மையாகவே யோசித்தார். "செய்றேன் சார்" என்றார். காய்கறிப் பையோடு வந்த நாத்தனார், "நான் இவ பக்கத்துலயே படுத்துக்கறேன், ஒரு ஈ நுழையாது" என்றார்.

இதைப் படித்துவிட்டு, அட்மிட் செய்யாமல் இருப்பதுதான் நல்லது என்று எழுதி வைத்துக்கொள்ளாதீர்கள். அந்த நாத்தனார் இல்லாவிட்டாலோ, மல்லிகா யோசிக்காமல் தலையாட்டியிருந்தாலோ, நானே ஆட்டோ பிடித்துக் கூட்டிப்போயிருப்பேன்.

மறுநாள் காலை வந்தார்கள். அதற்கு மறுநாளும். இப்போது போன் விஷயத்தைச் சரிசெய்ய வேண்டும். செல்வத்தின் போனை வீட்டில் வைக்கச் சொல்ல முடியாது, அது அவர் பிழைப்பு. இன்னொரு போன் வாங்கட்டுமா என்று அவர் கேட்டபோது, மல்லிகாதான் முனைக் கடையைச் சொன்னார். அந்தக் கடை வாசலில் ஒரு ரூபாய் போட்டுப் பேசும் பெட்டி போன் தொங்குகிறது. எதிர்முனையில் எடுத்தால்தான் காசு உள்ளே விழும். எடுக்காவிட்டால் காசு திரும்பி வந்துவிடும். ஆக, மிஸ்டு காலுக்கு அங்கேயும் செலவில்லை.

எனக்குச் சேதி சொல்ல வேண்டுமென்றால் அவர் எழுந்து, தலைசீவி, தெரு முனைவரை நடந்தாக வேண்டும். சேதியே சிகிச்சை ஆகிவிட்டது. வண்டியில் இருந்தபடி யாரும் அவருக்காக மணி அடிக்கவும் முடியாது. விதியையும் மாற்றினோம். முடிந்தால் ஒரு மிஸ்டு கால். வந்துவிட்டேன், ஆனால் மனசு சரியில்லை என்றால் இரண்டு. உடனே நான் அந்தப் பெட்டிக்குக் கூப்பிடுவேன். மணியே வராவிட்டால், செல்வத்துக்குப் போன் போடுவேன். சும்மா இருப்பதற்கு இனி 'முடியவில்லை' என்று அர்த்தம் கிடையாது. சும்மா இருந்தால் நாங்கள் தேடி வருவோம் என்று அர்த்தம்.

முதல் வாரங்களில் இரண்டு இரண்டாகவே வந்தது. சில நாள் வரவேயில்லை, செல்வம் வண்டியைத் திருப்பிக்கொண்டு வீட்டுக்கு ஓடினார். ஒருநாள் நானும் டாக்டரும் போனோம். கதவைத் திறந்தவர், "படுத்துனு இருந்தேன், பொய் சொல்லல" என்றார். அன்றைக்கு எங்களுக்கு வேண்டியதும் அதுதான். 'இன்று முடியவில்லை' என்று வரும் சேதியைக் கேட்டு முகம் சுளிக்காதீர்கள். எல்லாச் சேதியிலும் அதுதான் நம்பகமானது. தொடர்ந்து நல்ல செய்தியாகவே வந்தால் உங்கள் போனைச் சந்தேகப்படுங்கள்.

இதற்கிடையில் ஒரு வேடிக்கை. தினமும் சாயங்காலம் ஒரு பெண் வந்து, மணி விட்டு, காசை எடுத்துக்கொண்டு போனால் தெரு சும்மா இருக்குமா? கடைக்காரர் ஒருநாள் செல்வத்தை ஓரமாகக் கூப்பிட்டிருக்கிறார்.

"தப்பா நெனைக்காத தம்பி. உன் வூட்டுல யாருக்கோ டெய்லி சிக்னல் குடுக்குது."

"ஆமாண்ணே, தெரியும்" என்றாராம் செல்வம்.

"தெரியுமா! தெரிஞ்சே வுட்டுட்டியா?"

"நான்தான் அனுப்பறேன். டாக்டர் கிட்ட இருக்கற மேடத்துக்கு. எம் பொண்டாட்டிக்கு மனசு சரியில்ல, வைத்தியம் பாத்துனு இருக்கோம்."

இதை என்னிடம் சொல்லும்போது மனிதர் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டுதான் சொன்னார். பெரிய ஆஸ்பத்திரி என்ற சொல்லுக்கே பயந்து பொய் மணி அடித்தவர், தெரு முனையில் நின்று உண்மையை உரக்கச் சொல்லிவிட்டு வந்திருக்கிறார். எந்த மாத்திரையும் அவருக்குக் கொடுக்கவில்லை.

அப்புறம் இரண்டு என்பது குறைந்து ஒன்று ஒன்றாக வர ஆரம்பித்தது. கூடியது, குறைந்தது, மறுபடி கூடியது. நான் கை தட்டவில்லை. வாராவாரம் முகத்தைப் பார்த்து, போனைப் பார்த்து, இரண்டும் ஒரே விஷயத்தைச் சொல்கின்றனவா என்று மட்டும் பார்த்தேன்.

மழை விட்ட ஒரு மாலை. பெட்டி போன் நம்பர் மின்னியது. ஒரு மணி அடித்தது. நிற்கவில்லை. இரண்டாவது, மூன்றாவது, அது பாட்டுக்கு அடித்துக்கொண்டே இருந்தது. அடித்துக்கொண்டே இருந்தால் என்ன அர்த்தம் என்று நாங்கள் விதி வைக்கவில்லை. எடுத்தேன். அந்தப் பக்கம் காசு விழும் சத்தம் கேட்டது.

"மேடம், நான்தான். இங்க ஒருத்தி மீனு விக்கறா. நேத்து மீனத் தூக்கினு வந்து இன்னிக்குப் புடிச்சதுங்கறா! செவுளப் பாத்தா தெரியாதா எனக்கு? கனகசெட்டிக்குளத்துக்காரி கிட்டயே கத வுடறா. நானும் வுடல, புடிச்சிகினேன்..."

பின்னால் இன்னொரு பெண் குரல் கத்தியது. மல்லிகா போனை வாயிலிருந்து எடுத்து அவளுக்குப் பதில் சொன்னார். அது இங்கே எழுதத் தக்கதல்ல. நான் காதை எடுக்காமல் கேட்டுக்கொண்டிருந்தேன். அதில் 'பரவால்ல' என்ற சொல் ஓர் இடத்தில்கூட இல்லை.

"இன்னா மேடம், சிரிக்கறீங்க? நான் சண்ட போட்டுனு..."

நேரம் முடிந்து லைன் துண்டானது.

போனைக் கீழே வைக்கவில்லை. கையிலேயே வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். கொஞ்ச நேரத்தில் அது மறுபடி அடித்தது. இன்னொரு ரூபாய் போட்டிருந்தார்.